மூன்றாம் வீட்டில் இரண்டு கண்கள்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பணி ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. தச்சநல்லூர் வீட்டில் எனக்கென்று ஒரு மடிக்கணினி வைத்திருக்கிறேன். மின்கட்டணம் கட்டுவது, மகள் அனுப்பும் பேரன் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பது, இவ்வளவுதான் அதில் எனக்கு வேலை. இதற்கு ஒரு திரையே அதிகம். ஆனால் நான் நான்கு வைத்திருக்கிறேன். ஒரே கணினிக்குள் நான்கு மேசை போட்டதுபோல நான்கு தனித்தனித் திரைகளை வைத்துக்கொண்டு, விசையை அழுத்தி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வரலாம். வொர்க்ஸ்பேஸ் என்பார்கள், தமிழில் பணிவெளி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாவதில் நான் இருக்கிறேன். மற்ற மூன்றும் காலி. காலையில் காப்பி குடித்ததும் அந்த மூன்றுக்கும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

என் மனைவி ஒரு நாள் பின்னால் நின்று இதைக் கவனித்துவிட்டாள்.

“அங்கன என்ன இருக்கு? போயிப் போயிப் பாத்துட்டு வாரிய?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லங்கத எத்தன தடவ பாக்கணும்?”

நியாயமான கேள்வி. அவளுக்கு அன்று பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் தேர்வுப் பிரிவில். இந்த ஊழியர் சங்க மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குக் கல்லூரியின் பெயர் தெரியும், தெரியாதவர்களுக்கு வேண்டாம். போன மாதம் அங்கே புதுக் கணினிகள் வந்தனவாம். ஆளுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு திரை. இப்போது பிரிவில் இருக்கும் கற்பகவல்லி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“சார், நீங்க மூணு பேரும் ஒரே கம்ப்யூட்டர்ல வேல பாத்தியளாமே? எப்படி சார், ஒருத்தர் மடியில ஒருத்தரா உக்காந்திய?”

“ஆமா, மேடம் மடியில நான், என் மடியில செல்வின்.”

“மலருக்கு எழுதுங்க சார். சிரிப்பா எழுதணும்.”

சிரிப்பாகத்தான் எழுத உத்தேசம். ஆனால் நடுவில் ஒரு விஷயம் இருக்கிறது. நம் கல்லூரிக் கோப்பு ஒன்றில் என்னோடு வேலை பார்த்த செல்வின் பெயரில் ஒரு மெமோ இருக்கிறது. மதிப்பெண் பதிவில் கவனக்குறைவு என்று அதில் எழுதியிருக்கும். அது என் பெயரில் இருந்திருக்க வேண்டிய மெமோ. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், தடையில்லை.

தட்டச்சராகச் சேர்ந்து பதினைந்து வருடம் தட்டினேன். பிறகு கணினி வந்தது. ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை, ஒரு நாள் நான் இல்லை. மிச்சமிருந்த இரண்டு நாளில் கற்றுக்கொண்டதை வைத்து மீதிப் பதினைந்து வருடத்தையும் முடித்துவிட்டேன் என்றால் கல்லூரியின் பெருந்தன்மையை நீங்கள் மெச்சத்தான் வேண்டும்.

கணினி வந்த முதல் வாரம் ஒரு காரியம் செய்தேன். திரையின் அடிப்பட்டையில், வலது மூலையில், நான்கு சின்னக் கட்டங்கள் இருந்தன. அவை எதற்கென்று தெரியாது. சுட்டியை அங்கே கொண்டுபோய் அதன் சக்கரத்தைச் சும்மா உருட்டினேன். திரையில் இருந்த இரண்டாம் ஆண்டு மதிப்பெண் பட்டியல் மொத்தமும் காணாமல் போனது. நீலநிறம் மட்டும் இருந்தது. ஐந்நூறு பிள்ளைகளின் மதிப்பெண்ணை ஒரே உருட்டில் அழித்துவிட்டேன் என்றே நினைத்தேன். விடுப்பு விண்ணப்பம் எழுதத் தாள் தேடினேன்.

பிரிவின் கண்காணிப்பாளர் மும்தாஜ் மேடம் எழுந்து வந்தார். மேலப்பாளையத்துக்காரர். எதற்கும் வேகமாக நடக்கமாட்டார். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

“பைய சார். எங்கயும் ஓடிராது.”

சக்கரத்தை ஒரு சொடுக்கு மறுபக்கம் உருட்டினார். பட்டியல் வந்துவிட்டது. அது அழியவில்லை, நான்தான் பக்கத்துத் திரைக்குப் போயிருக்கிறேன். அந்த நான்கு கட்டங்களும் நான்கு பணிவெளிகள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அங்கே திறந்திருக்கும் சன்னல்கள், அதாவது விண்டோக்கள், நகக்கண் அளவில் தெரியும்.

“அப்ப இது ஒரு வளவு மேடம்,” என்றேன். நம் ஊர் வளவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வாசல், உள்ளே வரிசையாக வீடுகள். மேடத்துக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. அன்றே வீடு பிரித்துக் கொடுத்தார். முதல் வீடு அவருக்கு, இரண்டாம் வீடு எனக்கு, மூன்றாவது செல்வினுக்கு. நான்காம் வீட்டில் யாரும் குடியில்லை. சந்தேகமான பட்டியல் எதுவானாலும் அந்தச் சன்னலை அப்படியே நான்காம் வீட்டுக்கு நகர்த்திவிட வேண்டும். அங்கே இருப்பதைத் திறக்கவோ மூடவோ மேடத்துக்கு மட்டுமே அதிகாரம்.

ஒரே இயந்திரம், ஒரே கடவுச்சொல். காலையில் மேடம், மதியம் வரை நான், சாப்பாட்டுக்குப் பிறகு செல்வின். ஆள் மாறும்போது எதையும் மூடுவதில்லை. எழுந்திருப்பவர் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எழுவார், உட்காருகிறவர் தன் வீட்டுக்குப் போவார். மறுநாள் தன் முறை வரும்போது பட்டியல் விட்ட வரியிலேயே நிற்கும். அந்தச் சுகத்தை, ஆளுக்கு இரண்டு திரை வைத்திருக்கும் கற்பகவல்லிக்கு நான் எப்படிப் புரியவைப்பேன்?

மேடத்தின் சட்டங்கள் சில உண்டு. சன்னலைச் சுருக்கிக் கீழ்ப்பட்டைக்கு அனுப்பக்கூடாது. “ஒளிச்சு வச்சது மறந்துபோகும் சார், வேற வீட்டுக்கு மாத்துங்க” என்பார். ஒரு சன்னலை மூடுவதற்கு முன் அதன் தலைப்பை வாய்விட்டு வாசிக்க வேண்டும். செல்வின் வேலை முடிக்கும் நேரத்தில் எங்கள் அறை, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல ஒலிக்கும். வேலையைச் சரிபார்த்தால் அது நடந்த வீட்டிலேயே வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். கடைசியாக ஒன்று: எந்த வீட்டில் பிழை நடந்ததோ அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. கடவுச்சொல் ஒன்றுதான் என்பதால் யார் செய்தது என்று கணினிக்குத் தெரியாது. வீட்டுக்குத் தெரியும்.

அவர் திட்டி நான் கேட்டதில்லை. விசையை அழுத்துவதற்கு முன் விரலை அதன்மேல் ஒரு நொடி நிறுத்தி வைப்பார். நாம் தப்பாக ஏதாவது செய்திருந்தால், “இன்னொரு தடவ பாத்துருவமா?” என்பார். இந்த மூன்று சொல்லைக் கேட்டால் நான் செய்ததை முதல் வரியிலிருந்து சரிபார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

செல்வின் உவரிக்காரன். கடலுக்குப் போகிற குடும்பத்தில் படித்து வந்தவன், பணியில் என்னைவிட எட்டு மாதம் மூத்தவன். கணினியில் நான் அறிந்த உருப்படியான வித்தை எல்லாம் அவன் சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு தடவை என் சன்னலின் தலைப்பு திரைக்கு மேலே ஏறி மறைந்துகொண்டது. தலைப்பைப் பிடித்துத்தானே சன்னலை இழுக்க முடியும்? பிடிக்க வழியில்லாமல் கால்மணி நேரம் போராடினேன்.

“தள்ளும் வே,” என்று வந்தான். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சன்னலின் நடுவயிற்றில் சுட்டியை வைத்து இழுத்தான். தடதடவென்று இறங்கி வந்தது.

“தலையப் பிடிக்காம எப்படிவே?”

“கட்டுமரத்த எங்கன கை வச்சாலும் தள்ளலாம். நீரு தலையத்தான் தேடிக்கிட்டு நிப்பீரு. கடல் பாக்காத ஊர்க்காரப் புத்தி.”

“நீரு பாடம் நடத்தினது போதும், என் வீட்ட விட்டு வெளிய போரும்.”

“இந்த வீட்டுக்கு எவன் வருவான்? நாத்தம்.”

இப்படியே மூன்று வருடம் போனது. என் பணிக்காலத்தில் அந்த மூன்று வருடத்தை மட்டும் திரும்பத் தருவதாக யாராவது சொன்னால் ஓய்வூதியத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன்.

இனி கண்களுக்கு வருகிறேன். அந்தக் கணினியில் விளையாட்டுக்கு ஒரு சின்ன நிரல் இருந்தது. திறந்தால் இரண்டு பெரிய கண்கள் வரும். சுட்டி எங்கே போனாலும் கருவிழிகள் அங்கே திரும்பும். அதைப் பார்த்ததும் எனக்குச் செல்வின் நினைவுதான் வந்தது. கண்களைத் திறந்து, எந்தச் சன்னல் வந்தாலும் அதற்கு மேலேயே நிற்கும்படி ‘எப்போதும் மேலே’ என்று குறித்துவிட்டேன். பிறகு அடிப்பட்டையில் என் கட்டத்துக்குள் தெரிந்த அந்த நகக்கண் சன்னலைச் சுட்டியால் பிடித்து மூன்றாம் கட்டத்தில் போட்டேன். அடுத்தவர் வீட்டுக்குள் போகக்கூடாது என்பதும் மேடத்தின் சட்டம். நான் போகவில்லையே, சுவருக்கு மேலே தூக்கி எறிந்தேன். அவ்வளவுதான் என்று அப்போது எனக்கு நானே சட்ட விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

மதியம் செல்வின் வந்து உட்கார்ந்தான்.

“என்னவே இது?”

“நீரு வேல பாக்கீரா தூங்குதீரான்னு பாக்கதுக்கு மேலிடத்துல வச்சிருக்கு.”

மூடினான். மறுநாள் மறுபடி எறிந்தேன். மூடினான். ஒரு வாரம் இது நடந்தது. பிறகு அவனுக்கே அலுத்துவிட்டது. “கெடந்து பாத்துட்டுப் போட்டும்” என்று கண்களைத் திரையின் வலது கீழ்மூலையில் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தான். நானும் ஜெயித்துவிட்ட மகிழ்ச்சியில் இருந்தேன். அந்தப் பருவத்தின் வருகைத்தாள்கள் எல்லாம் அந்தக் கண்களுக்கு அடியில்தான் பதிவாயின.

முடிவுகள் வெளியான வாரத்தில் ஒரு புதன்கிழமை, இசக்கியம்மாள் என்ற கணிதப் பிரிவு மாணவி தன் அப்பாவோடு வந்தாள். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்திருந்தார்கள். அப்பா மில் தொழிலாளி. பட்டியலில் ஒரு தாளுக்கு அவள் தேர்வுக்கே வரவில்லை என்று இருந்தது. பி.எட். சேர்க்கைக்கு வெள்ளிக்கிழமைக்குள் மதிப்பெண் பட்டியல் கொடுக்க வேண்டும். அப்பாதான் பேசினார்.

“எம் பிள்ள பரிச்சைக்கு வரலன்னு போட்டிருக்கிய. அன்னைக்கு நாந்தான் சைக்கிள்ல கொண்டுபோயி பஸ்ஸு ஏத்திவிட்டேன். அப்ப நான் யாரக் கொண்டு ஏத்திவிட்டேன்? சொல்லுங்க.”

“உக்காருங்கய்யா. தண்ணி குடிங்க,” என்றார் மேடம். “நாங்க பாத்துச் சொல்லுதோம்.”

தேர்வு அறையின் வருகைத்தாளை அப்போது ஒளிவருடி எடுத்துக் கணினியில் வைத்திருப்போம். அதைத் திறந்து பார்த்து, வராதவர்கள் எண்ணுக்கு நேரே ‘ஏபி’ என்று பதிய வேண்டும். அப்படிப் பதிந்துவிட்டால் அந்த எண்ணின் மதிப்பெண் கட்டம் மூடிக்கொள்ளும். விடைத்தாள் திருத்தி மதிப்பெண் வந்தாலும் ஏறாது. ஏறவில்லை என்று அந்த மென்பொருள் நம்மிடம் சொல்லவும் செய்யாது.

மேடம் கணினியில் உட்கார்ந்தார். நானும் செல்வினும் பின்னால் நின்றோம். பதிவு நடந்தது மூன்றாம் வீட்டில்; அதனால் அங்கே போனார். அங்கே கண்கள் இருந்தன. அந்த நாளின் வருகைத்தாளைத் திறந்து, தலைப்பை வாசித்து, திரை நிறைய விரித்தார். கண்கள் தாளுக்கு மேலே, வலது மூலையில், அப்படியே நின்றன. அவர் சுட்டியைப் பதினேழாம் வரிசைக்குக் கொண்டுபோனபோது கருவிழிகளும் கூடவே போயின. அங்கே சிவப்பு மையில் தெளிவாக ‘ஏபி’ என்று இருந்தது.

“தாள்ல இருக்கதத்தான் போட்டிருக்கேன் மேடம்,” என்றான் செல்வின்.

“ஆமா,” என்றார். பிறகு, “இன்னொரு தடவ பாத்துருவமா?” என்றார்.

விரலை ஒரு நொடி நிறுத்தினார். கண்களைப் பிடித்து மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினார். அது நின்ற இடத்தில், தாளின் மூலையில், நீல மையில் பொடி எழுத்தில் மூன்று வரி இருந்தது. பதினேழாம் எண் மாணவி பேருந்துப் பழுதால் இருபது நிமிடம் தாமதமாக வந்தார், தேர்வு எழுத அனுமதிக்கப்பட்டார், மேலே ‘ஏபி’ என்று எழுதியதை நீக்கவும். கீழே அறைக் கண்காணிப்பாளரின் கையெழுத்து.

மேடம் சுட்டியை அங்கே கொண்டுபோனார். கண்கள் இப்போது அந்த மூன்று வரியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“இது யாரு வச்சது?” என்று கேட்டார் மேடம்.

எனக்கு எதற்கும் ஒரு பதில் உண்டு. கேள்வி முடிவதற்குள் என் பதில் வந்துவிடும் என்று கல்லூரி முழுக்கப் பெயர். அன்று மட்டும் அடிப்பட்டையின் நான்கு கட்டங்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

“நாந்தான் மேடம்,” என்றான் செல்வின். “சும்மா வெளையாட்டுக்கு வச்சேன்.”

மேடம் திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னைத்தான் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு காகிதம் எடுத்துக் குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவருடைய நடைமுறைப்படியே நடந்தது. வருகைத்தாளின் மூலம், விடைத்தாள், மதிப்பெண் சீட்டு மூன்றையும் காப்பறையிலிருந்து எடுத்து ஒரே மேசையில் வைத்தார். திருத்தக் குறிப்பைத் தானே எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனார். வியாழக்கிழமை மதியம் திருத்திய பட்டியலை இசக்கியம்மாள் கையில் கொடுத்தார். அந்தத் தாளில் அவள் எழுபத்தெட்டு. அப்பா பட்டியலை வாங்கி, தலைகீழாகப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்துவிட்டு, “இப்ப வந்திருக்கால்லா?” என்று மட்டும் கேட்டார்.

வந்திருந்தாள். அவளுக்கு இடமும் கிடைத்தது. செல்வினுக்கு மெமோ கிடைத்தது.

அன்று மாலை தேநீர்க் கடையில் கேட்டேன். “எதுக்குவே அப்படிச் சொன்னீரு?”

“உம்ம பேர்ல ஏற்கனவே ஒண்ணு இருக்கு. இன்னொண்ணும் வந்தா வேலையே ஆடிரும்.”

உண்மைதான். முந்தைய வருடம் முதல்வரின் கணினியில் எல்லாச் சன்னல்களையும் சுருட்டித் தலைப்பு மட்டும் தெரியும்படி வைத்துவிட்டேன். கடிதங்கள் எல்லாம் வெட்டுப்பட்டுப் போயின என்று அவர் சென்னைக்கு ஆள் அனுப்பி எஞ்சினியரை வரவழைக்க இருந்தார். அதற்கு வாங்கிய மெமோ.

தேநீரை முடித்துக் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு செல்வின் சொன்னான்: “நீரு அங்கனயே மாத்திச் சொல்லுவீருன்னு நெனச்சேன்.”

அதைச் சிரிக்காமல் சொன்னான். நான் அதற்கும் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. அது எனக்கு நல்லதுதான்.

அடுத்த மாதம் அவன் கேட்டு நூலகத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். சண்டையெல்லாம் இல்லை. எதிரே பார்த்தால் சிரிப்பான், சாப்பிட்டாச்சா என்பான். வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகையும் வைத்தான். ஆனால் ஒரு நாளாவது தேர்வுப் பிரிவு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. மூன்றாம் வீடு அப்படியே கிடந்தது. புதிதாக வந்தவருக்குத் தனிக் கணினி கொடுத்துவிட்டார்கள். என் முறை வரும்போது ஒரு தடவை அங்கே எட்டிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வருவேன். அந்தப் பழக்கம்தான் தச்சநல்லூர் வரை கூடவே வந்துவிட்டது.

மும்தாஜ் மேடம் ஓய்வு பெற்றபோது கண்காணிப்பாளர் நாற்காலி காலியானது. மூப்புப்படி அது செல்வினுக்குப் போக வேண்டும். குழு கோப்பைப் பார்த்தது. என் மெமோ விளையாட்டுத்தனம் பற்றியது, அவனுடையது மதிப்பெண் பிழை. தேர்வுப் பிரிவின் நாற்காலிக்கு மதிப்பெண் பிழை ஆகாது என்றார்கள். அவர்கள் சொன்னது சரி; நாற்காலி எனக்கு வந்தது. அந்தச் சரியான முடிவின்மேல் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். முடிவு வந்த வாரம் நடந்ததை விளக்கி முதல்வருக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்து, நான்காம் வீட்டில் திறந்தபடியே வைத்திருந்தேன். அது சேமிக்காத கடிதம். அந்தச் சனிக்கிழமை கணினியை அணைத்தபோது போய்விட்டது. மறுபடி தட்டியிருக்கலாம். தட்டச்சில் மேல்நிலை முதல் வகுப்பு வாங்கியவனுக்கு அது ஐந்து நிமிட வேலை.

மேடம் தன் கடைசி நாளில் சாவிகளை ஒப்படைத்துவிட்டு என்னிடம் கேட்டார். “கோமதிநாயகம் சார், எங்கிட்ட சொல்லதுக்கு ஏதாச்சும் பாக்கி இருக்கா?”

“பிரியாணிதான் மேடம் பாக்கி,” என்றேன். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கற்பகவல்லி மலருக்கு எழுதச் சொன்ன மறுநாள் மேலப்பாளையம் போனேன். மேடத்துக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக எல்லாவற்றையும் சொன்னேன். மருமகள், அடுத்த வீட்டுக்காரர், பால் ஊற்ற வந்தவர் எல்லாரும் கேட்டார்கள். அதுவும் ஒரு தண்டனை என்று வைத்துக்கொள்ளலாம்.

“எனக்கு அன்னைக்கே தெரியும் சார்,” என்றார். “செல்வின் சாருக்கு வெளையாட்டு வராது. நீங்களா சொல்லுவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“தப்புத்தான் மேடம்.”

“அத எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? மெமோ எழுதினதோட என் வேல முடிஞ்சிட்டு. அது யாரு பேர்ல இருக்கோ அவங்ககிட்டப் போங்க.”

உவரிக்கு நேரில் போகத் துணிச்சல் இல்லை. அதனால் இந்தக் கட்டுரையை இதுவரை எழுதி, முழுவதையும் செல்வினின் கைபேசிக்கு அனுப்பினேன். கூடவே ஒரு செய்தி: “மலரில் வரப்போகிறது. எல்லாரும் படிப்பார்கள். பழைய மெமோவை மறந்தவர்களுக்கும் ஞாபகம் வரும். உமக்குச் சங்கடம் என்றால் உம்ம பேரையும் ஊரையும் மாற்றிவிடுகிறேன். யாரென்று தெரியாது. கட்டுரையே வேண்டாம் என்றாலும் சரி. சொல்லும்.”

படித்துவிட்டான் என்று கைபேசி காட்டியது. அன்று பதில் இல்லை, மறுநாளும் இல்லை. இடையில் கற்பகவல்லி இரண்டு முறை கூப்பிட்டுக் கட்டுரை எங்கே என்றாள். சிரிப்பு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். மூன்றாம் நாள் மதியம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது கைபேசி மணி அடித்தது. ஈரக்கையோடு எடுத்துப் பார்த்தேன்.

“பேர மாத்தாண்டாம், அப்படியே போடும்.”